கருகிய நோட்டின் முதுகு

அத்தியாயம் 5

"போட மாட்டேன்."

வெரோனா கோஸ்டெல்னிக் பேனாவை வக்கீலின் பக்கமே உருட்டிவிட்டாள். அது மேஜை விளிம்புவரை ஓடி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு நின்றது.

கிட்டி டூலனுக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துப்போயிற்று. துப்பறிவாளர் ஹாஸ்கின்ஸிடம் உதவியாளராக மூன்று வருஷம் ஓட்டியதில் கிட்டி எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டாள். வக்கீல் பேனாவை நீட்டினால் முக்கால்வாசிப் பேர் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் எதற்கு என்று கேட்பார்கள். இவள் நிலக்கரி ஊரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்தவள். ஒரே கறுப்பு உடை, தையல் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். ஆனால் முதுகு மட்டும் நாற்காலியில் சாயவே இல்லை.

"யோசிச்சுப் பாருங்கம்மா," என்றார் வக்கீல் ப்ரூஸ்டர். குரலில் வெண்ணெய் வழிந்தது. "நாலுல ஒரு பங்கு உங்களுக்குத் தர்றேன்னு என் கட்சிக்காரர் பெருந்தன்மையா சொல்றாரு. நாலு மணிக்குள்ள போடலைன்னா, செத்துப்போன மாமனார் பணத்த உங்க பணம்னு சொல்லி ஏமாத்தப் பாத்தீங்கன்னு புகார் போகும். ஜெயிலுக்குப் போறதுக்குக் கால் பங்கு தேவலை இல்லையா?"

"தேவலைன்னா அத நீங்களே வச்சுக்குங்க."

"அண்ணி, பிடிவாதம் வேணாம்," என்றான் மாத்துஷ். வெரோனாவின் கொழுந்தன். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. அண்ணன் செத்து ஒரு மாதத்திலேயே புது சூட் தைத்துப் போட்டிருந்தான். "அது எங்கப்பா சேத்த பணம். சாகறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லிட்டுத்தான் செத்தாரு."

"அப்படியா கொழுந்தனாரே? ஆறு வருஷமா அத வாயில அடக்கி வச்சிருந்தீங்களே, பல்லு வலிக்கலை?"

கிட்டி சிரிப்பை அடக்கச் சூயிங்கத்தைக் கடித்துக்கொண்டாள்.

அவர்கள் உட்கார்ந்திருந்தது வாஷிங்டனில், எரிந்ததும் அழுகியதும் எலி கடித்ததுமான நோட்டுகளைப் பிரித்துப் பார்த்து நல்ல பணம் தரும் அரசாங்கக் கட்டடத்தின் காத்திருக்கும் அறையில். 1953, மார்ச் மாதம். உள்ளே கூடத்தில் ஒரு தகர டப்பா இருந்தது. அதற்குள் வெரோனாவின் மூன்றரை வருஷத் தையல் கூலி, இருபது டாலர் நோட்டுகளாக, கருகிக் கட்டியாகிக் கிடந்தது. சுரங்கக் கம்பெனி தன் வீடுகளைக் குடியிருப்பவர்களுக்கே விற்கிறது. ஏப்ரல் முதல் தேதிக்குள் பணம் கட்டினால் பதினெட்டு வருஷமாய்க் குடியிருக்கும் வீடு வெரோனாவுக்கு. கட்டாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்கு. அடுத்தவர் யார் என்று கேட்கவே வேண்டாம், அந்தப் புது சூட்தான்.

"ஏன்க்கா," என்று கிட்டி அவள் காதருகே குனிந்தாள், "ஊர்ல இடமே இல்லாத மாதிரி பணத்தப் போயி அடுப்புக்குள்ளயா வைப்பாங்க?"

"எங்கப்பன் பேங்க்ல வச்சான். முப்பத்திமூணுல பேங்கும் போச்சு, பணமும் போச்சு. மெத்தைக்கு அடியில வச்சா எம்புருஷன் குடிச்சே தீத்திருப்பான். எங்க வீட்டு ஆம்பளைங்க தொறக்காத ஒரே கதவு அடுப்புக் கதவுதான்."

அந்த அடுப்பு இருந்தது நிலவறையில், வீட்டின் இரண்டாவது சமையலறையில். ரொட்டி சுடத் தனி அறையும் கதவும் வைத்த அந்தப் பெரிய கரி அடுப்பைக் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும்தான் மூட்டுவார்கள். இரண்டு தடவையும் வெரோனா முன்கூட்டியே டப்பாவை எடுத்துவிடுவாள். ஆனால் பிப்ரவரியில் புருஷன் நெஞ்சுச்சளி முற்றிச் செத்தான். அந்தத் தெருவில் சாவு விழுந்தால் பக்கத்துவீட்டுப் பெண்கள் யாரையும் கேட்க மாட்டார்கள், மாவும் வாதுமையும் எடுத்துக்கொண்டு நேரே நிலவறைக்கு இறங்கிவிடுவார்கள். மேலே இவள் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, கீழே ஐந்து புண்ணியவதிகள் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு ரொட்டி சுட, உள்ளே பார்க்காமலேயே அடுப்பை மூட்டிவிட்டார்கள். அன்பு என்றாலும் அதற்கு ஒரு அளவு வேண்டாமா?

வக்கீல் தொண்டையைச் செருமினார். "காலையிலயே உள்ள நோட்டுப் பிரிக்கிற பரிசோதகர் அம்மா ஓரத்துல ஒரு துண்டைப் பிரிச்சுட்டாங்க. அதுல 1934னு தெளிவாத் தெரியுது. இவங்க சட்டை ஃபாக்டரியில சேந்தது நாற்பத்தொன்பதுல. இதுக்கு மேல என்ன வேணும்?"

மூலையில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்குவதுபோல் கிடந்த ஹாஸ்கின்ஸ், வெரோனாவுக்காக வந்திருந்தவர், அப்போதுதான் அசைந்தார். துப்பறியும் தொழிலுக்கு வருமுன் பதினொரு வருஷம் டாலர் அச்சடிக்கும் இயந்திரத்தில் நின்றவர் அவர். இடது கைச் சுண்டுவிரலை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"வக்கீல் சார், நான் நாற்பத்தொன்பது ஜூன்லதான் அந்த வேலைய விட்டேன். கடைசி நாள் என் கையால அடிச்ச இருபது டாலர் நோட்டுலயும் 1934ன்னுதான் இருந்துது."

"என்ன உளர்றீங்க?"

"நோட்டுல இருக்கறது அடிச்ச வருஷம் இல்ல, மாதிரி போட்ட வருஷம். மாதிரி மாறுற வரைக்கும் அதே வருஷத்த அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. நடுவுல கையெழுத்துப் போடற அதிகாரி மாறினா பக்கத்துல ஒரு எழுத்து சேப்பாங்க, அவ்வளவுதான்."

வக்கீலின் முகம் ஒரு கணம் சுருங்கி, மறுபடி விரிந்தது. "சரி. அப்ப அது நாற்பத்தொன்பதுலயும் அடிச்சிருக்கலாம், நாற்பத்தாறுலயும் அடிச்சிருக்கலாம்?"

"தாராளமா."

"அப்ப மகன் சொல்லா, மருமகள் சொல்லாங்கறதுதான் கேள்வி. எங்க ஊர் நீதிபதி மகன் பக்கம்தான் சாய்வாரு." வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணி ஆகுது."

ஹாஸ்கின்ஸ் கிட்டியை அருகே அழைத்தார். "கீழ போயி ரெண்டு படத் தபால் அட்டை வாங்கிட்டு வா. வெள்ளை மாளிகை, தோட்டத்துப் பக்கம் பாத்து எடுத்த படம். ஒண்ணு புதுசு, ஒண்ணு ஏழெட்டு வருஷம் பழசு."

"யாருக்கு பாஸ் லெட்டர் எழுதப் போறீங்க?"

"செத்துப்போன ஒருத்தருக்கு."

"ஸ்டாம்ப் நெறைய ஆகுமே!"

பதிலுக்குத் தொப்பி மறுபடி முகத்தில் கவிழ்ந்தது.

தெருமுனைப் பெட்டிக்கடைக்காரன் ஓர்வில் ஒரு சிடுமூஞ்சி. பழைய படம் என்றதும் அவன் முகம் இன்னும் இருண்டது.

"பழசா? அது ஒரு கட்டு அடியில கெடக்கு. நாற்பத்தெட்டுக்கு அப்பறம் ஒரு நாயும் வாங்கலை. பால்கனி இல்லையே!"

"எந்தப் பால்கனி?"

"எந்த ஊர்க்காரிம்மா நீ?" ஓர்வில் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். பழையதில் நெட்டைத் தூண்கள் தரையிலிருந்து கூரைவரை தடையில்லாமல் நின்றன. புதியதில் அதே தூண்களுக்கு நடுவில், மாடி மட்டத்தில், ஒரு பால்கனி குறுக்கே ஓடியது. "நூறு வருஷக் கட்டடத்துக்கு யாராச்சும் மூக்குக்கண்ணாடி மாட்டுவாங்களா? அன்னிக்கு ஊரே சண்டை போட்டுது. எவன் கேட்டான்? கட்டினதோட நிக்காம, அந்த வருஷமே இருபது டாலர் நோட்டுல இருக்கற படத்தையும் மாத்தி அடிச்சுட்டாங்க. என் தபால் அட்டைய எவன் மாத்திக் குடுக்கறது?"

கிட்டியின் சூயிங்கம் வாயிலேயே நின்றுவிட்டது. அந்தப் படத்தைப் பார்க்க அவள் தன் பர்ஸைத் திறந்தாள். நல்லவேளையாக அதில் இருபது டாலர் எப்போதும் இருந்ததில்லை, ஏமாற்றமும் இல்லை. ஐந்து டாலரை நீட்டினாள். மீதிச் சில்லறையோடு ஒரு இரண்டு டாலர் நோட்டும் வந்தது.

"அய்யோ, ரெண்டு டாலரா?" குதிரைப் பந்தயத்தில் வளர்ந்த குடும்பம் அவளுடையது. இரண்டு டாலர் நோட்டு கையில் வந்தால் தரித்திரம், மூலையைக் கிழித்தால்தான் கழியும் என்று அவள் அப்பா சத்தியம் செய்வார். அவர் கிழித்த மூலைகளை ஒட்டியிருந்தால் ஒரு குதிரையே வாங்கியிருக்கலாம். கிட்டி மூலையைக் கிழித்துத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு ஓடினாள்.

அவள் திரும்பியதும் எல்லோரும் உள்ளே போனார்கள். கூடத்தில் நீள மேஜைகள். ஒவ்வொரு விளக்கின் கீழும் ஒரு பெண், கையில் மெல்லிய கத்தி, சாமணம், பூதக்கண்ணாடி. யாரும் பலமாக மூச்சுக்கூட விடவில்லை, விட்டால் யாருடைய ஆயுசுச் சேமிப்போ பறந்துவிடும். வெரோனாவின் டப்பா யூலலி ப்ரௌட் என்ற நரைத்த தலை அம்மாளிடம் இருந்தது.

"முன்னாடியே சொல்லிடறேன்," என்றாள் யூலலி. "எது பணம், எவ்வளவு பணம்னு நான் சொல்லுவேன். யார் பணம்னு சொல்றது என் வேலை இல்ல."

"இவ்வளவு கருகியும் எப்படித்தான் உதிராம இருக்கு?" என்று கிட்டி எட்டிப் பார்த்தாள்.

"மரக்கூழ்க் காகிதமா இருந்தா என்னிக்கோ சாம்பல்," என்றார் ஹாஸ்கின்ஸ். "இது துணி. முக்காப் பங்கு பருத்தி, மீதி லினன் நூல். அதுல செதுக்கின தகட்ட வச்சு அழுத்துற அழுத்துல மை மேடு கட்டி நிக்கும். கரியானாலும் படம் போகாது. அதுவும் பச்சைப் பக்கம்தான் நாங்க முதல்ல அடிச்சுக் காயவைப்போம். மூஞ்சி எல்லாம் அப்புறம். பணத்துக்கு முதுகுதான் முதல்ல பொறக்கும்."

"நல்லதாப் போச்சு," என்றாள் வெரோனா. "நான் எல்லாத்தையும் குப்புறத்தான் போட்டேன். அந்த நோட்டுல இருக்கற ஆளு தலைய விரிச்சுக்கிட்டு என்னையே மொறச்சான். புடிக்கலை."

கிட்டிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முதுகெல்லாம் மேலே பார்த்துக் கிடக்கிறது, முதுகில் படம் இருக்கிறது, படத்தில் பால்கனி இருந்தால் வேலை முடிந்தது. ஆனால் அவளுடைய பாஸ் அப்போது செய்த காரியத்தைப் பார்த்து அவளுக்கு அவர் தலையில் தட்ட வேண்டும்போல் இருந்தது.

"மாத்துஷ் சார்," என்றார் ஹாஸ்கின்ஸ் தேன் ஒழுக. "உங்கப்பா எப்ப வச்சாரு?"

"நாற்பத்தாறு கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நாற்பத்தேழு ஜனவரியில சுரங்கம் சரிஞ்சு செத்துட்டாரு."

"கொஞ்சம் கொஞ்சமாவா, மொத்தமாவா?"

"மொத்தமா. ஒரே கட்டா. எங்கண்ணனுக்கும் தெரியாது, அண்ணிக்கும் தெரியாது. அதுக்கப்பறம் அந்த டப்பாவ யாரும் தொட்டதே இல்ல."

"இதையே எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா? உங்களுக்குத்தான் பலம்."

வக்கீலே திகைத்துப்போனார். பிறகு, எதிராளி பைத்தியமானால் நமக்கென்ன என்பதுபோல் தலையசைத்தார். மாத்துஷ் எழுதினான், கையெழுத்துப் போட்டான். புள்ளி வைக்கும்போது காகிதமே கிழிந்தது.

யூலலி மேலேயிருந்த முதல் நோட்டின் அடியில் கத்தியை நுழைத்தாள். கறுத்த இலைபோல் அது எழும்பியது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். கரியின்மேல் கோடுகள் பளபளத்தன. தோட்டம், மரங்கள், தூண்கள்.

கிட்டி தபால் அட்டைகளைப் பக்கத்தில் வைத்துக் குனிந்தாள். தூண்கள் தரையிலிருந்து கூரைவரை தடையில்லாமல் நின்றன.

பால்கனி இல்லை.

"போச்சு பாஸ்," என்றாள் அவள்.

வக்கீல் ப்ரூஸ்டர் மந்தமான ஆள் அல்ல. இரண்டு அட்டைகளையும் பார்த்தார், ஓர்வில் சொன்னதெல்லாம் அவருக்கும் தெரிந்திருந்தது. வாய்விட்டுச் சிரித்தார். "பால்கனிய வச்சு எங்களைப் பிடிக்கலாம்னு பாத்தீங்களா? பழைய படம் சார், பழைய படம்! அப்பா பணம்தான்னு உங்க சாட்சியே சொல்லுது!"

மாத்துஷ் வெரோனாவின் முன்னால் காகிதத்தையும் பேனாவையும் வைத்தான். "மணி மூணே முக்கால், அண்ணி."

வெரோனா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒவ்வொரு நோட்டும் நான் தச்ச காலரு. ஆயிரம் காலருக்கு ஒரு நோட்டு மிஞ்சும். ஜெயில்ல போட்டா அங்கயும் தைக்கிறேன். போட மாட்டேன்னா போட மாட்டேன்."

கிட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதை மறைக்கவும் இல்லை.

"யூலலிம்மா," என்றார் ஹாஸ்கின்ஸ், ஒன்றும் நடக்காததுபோல். "பழைய நோட்டும் புது நோட்டும் கடைவீதியில ஒண்ணாத்தான் சுத்தும். யார் கைக்கும் எதுவும் வரும். மேல இருக்கறதப் பாத்து என்ன லாபம்? மொத்தக் கட்டையும் அப்படியே தூக்க முடியுமா? எனக்கு அடி நோட்டு வேணும்."

"ஏன் அடி?" என்றார் வக்கீல். சிரிப்பு பாதியில் நின்றது.

"டப்பாவுல முதல்ல வச்சது எதுவோ, அதுதானே சார் அடியில இருக்கும்?"

யூலலி மூச்சைப் பிடித்துக்கொண்டு நீளக் கத்தியைப் பக்கவாட்டில் செலுத்தினாள். கரி அடுப்பில் சூடு முதலில் மேல்பக்கமாகத்தான் ஓடும், அதனால் டப்பாவின் அடிப்பக்கம் அவ்வளவாகக் கருகவில்லை. கட்டி மெல்ல எழும்பியது. கீழே ஒரே ஒரு நோட்டு தகரத்தோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டது, முதுகு மேலே பார்க்க, பழுப்பேறி, ஓரத்தில் பச்சைகூட மிச்சமிருந்தது.

அந்த முதுகில் தூண்கள் இருந்தன. தூண்களுக்கு நடுவில், மாடி மட்டத்தில், மயிரிழைக் கோடாக ஒரு பால்கனி ஓடியது.

மற்ற மேஜைகளின் பெண்கள்கூடக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"இந்தப் படம் அச்சுக்கு ஏறினது நாற்பத்தெட்டு கோடையில," என்றார் ஹாஸ்கின்ஸ். "முதல் தாள் வர்றப்ப நான் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்துலதான் நின்னேன். மாத்துஷ் சார், உங்கப்பா செத்து ஒண்ணரை வருஷம் கழிச்சுப் பொறந்த நோட்டு இது. கட்டுக்கெல்லாம் அடியில இருக்கு. மொத்தமா ஒரே நாள்ல வச்சாரு, அப்பறம் யாரும் தொடலைன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து வச்சாரா?"

"அது... பின்னால யாராச்சும் அடியில செருகியிருக்கலாம்," என்றார் வக்கீல். வெண்ணெய் முழுக்க உருகிப்போயிருந்தது.

யூலலி ப்ரௌட் கண்ணாடியைக் கழற்றினாள். "இருபத்திரண்டு வருஷமா கருகின பணத்தத்தான் பிரிக்கிறேன். இது தகரத்துல ஒட்டி வருஷக்கணக்கா துரு ஏறினது. இதுக்குக் கீழ துரு, அதுக்குக் கீழ டப்பா." பூதக்கண்ணாடியை மாத்துஷிடம் நீட்டினாள். "யார் பணம்னு சொல்றது என் வேலை இல்ல. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

மாத்துஷ் கண்ணாடியை வாங்கவில்லை. தன் கையெழுத்திட்ட காகிதத்தை நோக்கிக் கையை நீட்டினான். கிட்டி அதற்குமுன்பே அதன்மேல் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"மன்னிச்சுக்குங்க, கால் வலிக்குது," என்றாள்.

வெரோனா எழுந்தாள். கொழுந்தனுக்கு மிக அருகில் போய் நின்றாள்.

"அது என் முதல் சம்பளம். நாற்பத்தொன்பது அக்டோபர், மழை. நனையக்கூடாதுன்னு ரவிக்கைக்குள்ள வச்சுக் கொண்டாந்தேன். உங்கப்பா நல்ல மனுஷன் மாத்துஷ். சுரங்கத்துலேர்ந்து அவரைத் தூக்கிட்டு வந்தப்ப, குளிப்பாட்டினது நான். பையில ஒரு பைப்பும் பாதி ரொட்டியும்தான் இருந்துது. அவரு எதையும் ஒளிச்சு வச்சவரு இல்ல. அவரை நீ பொய்சாட்சிக்குக் கூப்பிட்டியே, அதை நான் மறக்க மாட்டேன். பணத்தக்கூட மறந்திருப்பேன்."

மாத்துஷ் தரையைப் பார்த்தான். வக்கீல் பெட்டியை மூடினார். கால் பங்கு ஒப்பந்தக் காகிதத்தை அவர் எடுக்கப்போனபோது வெரோனா அதன்மேல் கையை வைத்தாள்.

"இது இருக்கட்டும். ஈஸ்டருக்கு அடுப்பு மூட்ட ஆகும்."

மாலை பஸ் நிலையத்தில் ஹாஸ்கின்ஸ் அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பத்து நாளில் காசோலை வந்துவிடும் என்று யூலலி முத்திரை குத்திய காகிதம் வெரோனாவின் சட்டைக்குள் இருந்தது. டிக்கெட் ஜன்னலில் மீதி வாங்கிக்கொண்டு அவள் திரும்பியபோது, கிட்டி அவள் கையைப் பார்த்து அலறினாள்.

"அக்கா! ரெண்டு டாலர் நோட்டு! மூலையைக் கிழிச்சுப் போடுங்க, இல்லைன்னா தரித்திரம் வீடு வரைக்கும் கூடவே வரும்!"

வெரோனா நோட்டைப் பார்த்தாள். நான்கு மூலைகளையும் விரலால் தடவினாள். பிறகு அதை நேராக மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

"வரட்டும். நாலுல ஒரு பங்கு கேட்டவனுக்கே குடுக்கலை, தரித்திரத்துக்கு மட்டும் எதுக்கு ஒரு மூலை?"